தொட்டி எத்தனை என்று குடத்தைக் கேளுங்கள்

பட்டிமன்றத் தலைப்பு: வெயில் ஊரில் தொட்டித் தோட்டம் – வீட்டுக்கு உதவியா? உபத்திரவமா?
(‘உதவியே’ அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! வெயிலோடு கூட்டணி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) வெற்றிலைக்கும் வாழைத்தாருக்கும் பேர்போன பரமத்தி வேலூர்ப் பெருமக்களே, தாய்மார்களே!

எதிரணித் தலைவர் அய்யா கேட்டாரு: “ஆத்தங்கரை ஊருங்க இது. உழவர் சந்தை இருக்குது. விடிஞ்சா வாசல்லே கீரைக்காரம்மா வந்து நிக்கறாங்க. இந்த ஊரிலே ஒருத்தர் மாடியிலே பையை வச்சு, பையிலே மண்ணைக் கொட்டி, அந்த மண்ணோட மாரடிக்கணுமா?” அய்யா கேட்டதிலே ஒரு நியாயமும் இருக்கு, ஒரு கணக்குப் பிழையும் இருக்கு. பிழையைப் பின்னாலே சொல்றேன்.

அவருக்கு அடுத்து வந்த அம்மா கேட்டாங்களே, அதுதாங்க கேள்வி! “சித்திரை மாசம் லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கறோம். அந்தத் தண்ணியைக் கத்தரிக்கு ஊத்தறதா, கைக்குழந்தைக்கு ஊத்தறதா?” மண்டபமே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம எங்க அணி ஜெயிக்கக் கூடாது, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

முதல்லே வெயிலைப் பத்திப் பேசிடுவோம். கோடை வந்துட்டா டி.வி. செய்தியிலே “கரூர் பரமத்தி, 104 டிகிரி”ன்னு படிப்பாங்க. உடனே சென்னையிலே இருக்கற சொந்தக்காரங்க போன் போடுவாங்க, “ஏனுங்க, உங்க ஊரு இப்படிக் கொதிக்குதாமே?” நாங்க பொறுமையாச் சொல்லுவோம், “அது காவிரிக்குத் தெக்கே, கரூர் மாவட்டத்துப் பரமத்திங்க. எங்களுது நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி.” சொல்லிட்டு போனை வச்சுட்டு முகத்தைத் தொடைச்சுக்குவோம். (சிரிப்பு) ஏன்னா மாவட்ட எல்லை கலெக்டர் ஆபீசுக்குத் தெரியும், வெயிலுக்குத் தெரியாது.

அதுலேயும் நம்ம ஊரு ரெண்டு ஊரு. வேலூர்ப் பக்கம் ஜேடர்பாளையம் படுகை அணையிலே இருந்து ராஜ வாய்க்கால் ஓடி வரும். வாழையும் வெத்தலையும் கரும்புமா கண்ணுக்குக் குளுமை. பரமத்தியைத் தாண்டி வடக்கே போனா மேட்டாங்காடு. வேலூர்க்காரங்க கூட வாய்க்கா ஓரத்திலேயா குடியிருக்காங்க? சிமெண்டுத் தரையிலே, தகரக் கூரைக்குப் பக்கத்திலே, மேல் மாடி வாடகை வீட்டிலே குடியிருக்காங்க. ஊரு ஆத்தங்கரை, மாடி மட்டும் மேட்டாங்காடு! (கைதட்டல்)

சரி, இந்த வெயில்லே செடி வளக்கறதுக்கு எங்கே படிக்கணும்? எங்கேயும் போக வேண்டாங்க. நம்ம கொடிக்காலுக்குப் போங்க. வெத்தலை எவ்வளவு செல்லமான கொடி! நேர் வெயில் ஆகாது, வறட்டுக் காத்து ஆகாது, தண்ணி இல்லாம இருக்காது. அது எப்படி நம்ம ஊரிலே பிழைச்சுது? கொடிக்கால் போடறவங்க முதல்லே வெத்தலையை நடறதில்லே. அகத்தியை விதைப்பாங்க. அது கிடுகிடுன்னு வளந்து நெழல் குடுக்க ஆரம்பிச்ச பெறகுதான் கொடியை வெச்சு, அந்த அகத்தியிலேயே ஏத்திக் கட்டுவாங்க. பெறகு அகத்திக் கீரை ஆட்டுக்கும் ஆச்சு, சமையலுக்கும் ஆச்சு. முதல்லே நெழலு, அப்புறம் வாய்க்கா, கடைசியிலே கொடி. அந்த வரிசையை நாம கொஞ்சம் கவனிக்கணும்.

மாடித் தோட்டம் போடறவங்க என்ன பண்றாங்க? நேர் எதிரா பண்றாங்க. முதல்லே விதை வாங்கறாங்க. அதுவும் எப்போ? வைகாசியிலே பிள்ளைங்களுக்கு லீவு விட்டிருக்கும். அப்பாவுக்கு ஒரு உற்சாகம் வரும். நாப்பது பை, பன்னெண்டு வகை விதை. கவர் மேலே தக்காளிப் படம் ரத்தச் சிவப்பா இருக்கும். ஒரு வாரம் குடும்பமே மாடியிலே நிக்கும். ரெண்டாவது வாரம் அம்மா மட்டும் நிப்பாங்க. (சிரிப்பு) மூணாவது வாரம் செடியும் நிக்காது. அந்த நாப்பது பையைத்தான் எதிரணி அய்யா பாத்திருக்காரு. பாத்துட்டு, தோட்டம் தோத்துப் போச்சுங்கறாரு. அங்கே தோட்டமே இல்லீங்களே, அய்யா! அது கடைக்குப் போயிட்டு வந்த கதை. (கைதட்டல்)

நான் சொல்றது இதுதாங்க. வெயில் ஊரிலே தோட்டத்தை ஆடியிலே இருந்து கணக்குப் போடக் கூடாது. சித்திரையிலே இருந்து பின்னாலே வரணும். வருசத்திலேயே ரொம்ப மோசமான மாசத்திலே, நம்ம வீட்டிலே மிஞ்சற தண்ணி எத்தனை குடம்? அதுதான் தொட்டிகளோட எண்ணிக்கை. மாடி எவ்வளவு அகலம்னு பாத்து முடிவு பண்றது வெயில் கம்மியான ஊருக்குச் சரி.

கணக்கைப் போட்டே காட்டறேன். ஒரு குடம் 15 லிட்டர்னு வச்சுக்குங்க. காய் பிடிக்கிற ஒரு கத்தரிச் செடி, நல்ல அளவுத் தொட்டியிலே, அக்கினி நட்சத்திர வெயில்லே, நெழலே இல்லாம நின்னா ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் கிட்டக் குடிக்கும். முப்பது தொட்டின்னா 60 லிட்டர். தினமும் நாலு குடம். மாடிப்படி ஏறி நாலு குடம்! யார் தூக்கறது? உற்சாகப்பட்டது ஒருத்தர், தூக்கறது இன்னொருத்தர். இதைத்தான் எதிரணி அம்மா உபத்திரவம்னு சொன்னாங்க. அதை நானும் உபத்திரவம்னுதான் சொல்லுவேன்.

இப்போ அதே வீட்டிலே பத்துத் தொட்டி. மேலே பாதி வெயிலை மறைக்கிற பச்சை நெழல்வலை. மண்ணு மேலே நாலு விரக்கடை கனத்துக்கு மூடாக்கு. மூடாக்குக்கு நாம எங்கே போகணும்? மத்த ஊர்க்காரங்க காசு குடுத்து வாங்கறதெல்லாம் நமக்கு வழியிலே கிடக்குது: கரும்புச் சோகை, வாழைச் சருகு, தேங்காய் மட்டை நாரு. இத்தனையும் பண்ணினா ஒரு தொட்டிக்கு ஒரு லிட்டர் போதும். பத்து லிட்டர். ஒரு குடம் கூட முழுசா இல்லீங்க.

அந்த முக்காக் குடம் எங்கே இருந்து வரும்? அரிசி களைஞ்ச தண்ணி, பருப்புக் கழுவின தண்ணி, காய் அலசின தண்ணி. நாலு பேர் இருக்கற வீட்டிலே இதுவே பாதிக்கு வந்துடும். அம்மா கேட்டாங்களே, கைக்குழந்தைக்கா கத்தரிக்கான்னு? குழந்தைக்குத்தாங்க! சந்தேகமே வேண்டாம். குழந்தையைப் பாசிப்பயறு மாவு தேய்ச்சுக் குளிப்பாட்டின தண்ணி இருக்கே, அது கத்தரிக்கு! (பலத்த கைதட்டல்) சோப்புத் தண்ணி, பவுடர் தண்ணி மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மிஷின் வந்துட்டுது. அதிலே ஒரு குழாய் வழியா வீணாப் போற தண்ணியைப் பாத்து, ‘அடடா, இதைச் செடிக்கு விடலாமே’ன்னு தோணும். அது போர் தண்ணியை விட உப்பு கூடின தண்ணிங்க. மிஷின் பிரிச்ச உப்பெல்லாம் அதிலேதான் போகுது. பாத்ரூம் கழுவ வச்சுக்குங்க. தொட்டியிலே நிலம் மாதிரி உப்பு கீழே எறங்கிப் போக வழியில்லே; விளிம்பிலே வெள்ளையாப் பூத்து நிக்கும். ஐப்பசி மழை பெய்யறப்போ தொட்டியை மூடாம, நல்லா நனையவிட்டு, அடி ஓட்டை வழியா ஓடவிட்டா அந்த உப்பு கழுவிப் போயிடும்.

இதெல்லாம் புதுசா? நம்ம அமுச்சி காலத்துப் பொடக்காணியை நெனச்சுப் பாருங்க. குளிக்கிற கல்லுக்குப் பக்கத்திலே வாழை. பாத்திரம் கழுவற இடத்திலே கருவேப்பிலை. அம்மி அலசற தண்ணி போற வழியிலே ஒரு தக்காளி, அது தானா மொளைச்சது. யாரும் பிளான் போட்ட மாதிரியே தெரியாது. ஆனா தண்ணி விழற எடத்திலே மட்டும்தான் செடி இருக்கும். அந்தப் பொடக்காணி போயி வராண்டா வந்துச்சு. வராண்டா போயி பால்கனி வந்துச்சு. செடி மாடிக்கு ஏறிடுச்சு, தண்ணிக் கணக்கு கீழேயே நின்னு போச்சு.

இந்தப் பானைக் கணக்கையே இன்னும் நுணுக்கமா செஞ்சு பாத்தவங்க உண்டு. சுட்ட மண் பானை, பளபளப்புப் பூச்சோ பெயிண்டோ இல்லாதது. அதைச் செடிக்குப் பக்கத்திலே கழுத்து வரைக்கும் புதைச்சு, தண்ணி நிரப்பி, மூடி வச்சுட்டா, மண்ணு காயக் காயப் பானை கசிஞ்சு குடுக்கும். கி.மு. முதல் நூற்றாண்டுச் சீன வேளாண்மை நூல்லேயே இந்த முறை இருக்குது. அரியானாவிலே கர்னால்லே இருக்கிற மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையத்திலே 1970-களிலே இதை வச்சுக் காய்கறி விளைவிச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க. நமக்குப் பெரிய பானை வேண்டாங்க. பெரிய டிரம் தொட்டியிலே ஒரு சின்னக் கலயம் போதும். ரெண்டு நாள் கல்யாணத்துக்குப் போயிட்டு வரலாம், செடி கோவிச்சுக்காது. (சிரிப்பு)

தொட்டியைப் பத்தி எதிரணியிலே ஒருத்தர் “பிளாஸ்டிக் பை ஒரு வருசத்திலே கிழிஞ்சுடுது”ன்னாரு. கிழியறது கூடப் பெரிசில்லே, சூடுதான் பெரிசு. கறுப்புத் தொட்டி மத்தியான வெயில்லே நின்னா, பக்கவாட்டு மண்ணு 40 டிகிரி செல்சியசை சுலபமாத் தாண்டும். நிலத்திலே இருக்கற வேரு குளுமையைத் தேடிக் கீழே போகும். தொட்டி வேரு எங்கே போகும்? நாலு பக்கமும் சுவரு! அதனாலே தொட்டியைத் தரையிலே வைக்காம ரெண்டு செங்கல் மேலே தூக்கி வைக்கணும். தனித்தனியா அடுக்காம கோழிக்குஞ்சு மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைக்கணும். மேற்குப் பக்கம் பெரிய தொட்டி, உள்ளே சின்னத் தொட்டி. சாயங்கால வெயில்தான் நம்ம ஊரிலே கொலைகார வெயில்; அந்த மேற்குப் பக்கத்திலே ஒரு கோவக்கொடியோ அவரையோ கயித்திலே ஏத்திவிட்டா அதுவே நம்ம மாடியோட அகத்தி.

மண்ணுக்கும் ஒரு வார்த்தை. வெறும் செம்மண்ணை நிரப்பினா காயற போது செங்கல்லு, நனையற போது பாறை கனம். நம்ம இந்தியக் கட்டட விதிப்படி, ஆள் நடமாடற மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைதான் கணக்கு. ஒரு அடி ஆழம் ஈர மண்ணைப் பரப்பினா அது 500 கிலோவைத் தொடும்! அதனாலே தொட்டிகளை மாடி நடுவிலே குவிக்காம, கீழே சுவர் வர்ற ஓரமா வைக்கணும். மண்ணிலே பாதிக்குப் பாதி மக்கின தென்னைநார்க் கழிவும் தொழு உரமும் கலக்கணும். நாமக்கல்காரங்களுக்குக் கோழி எரு சுலபமாக் கிடைக்கும். சுலபமாக் கிடைக்குதேன்னு பச்சையா அள்ளிப் போட்டா வேரு வெந்துடும். மக்கவச்சு, ஆறவச்சு, ஒரு கைப்பிடி.

இப்போ பட்டம். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியிலே முளைப்பாரி விடறோம் இல்லீங்களா? அதே நாள்லே நாத்துத் தொட்டியிலே கத்தரி, மிளகாய் விதை போட்டா, வெயில் தணியற காலமும் மழையும் அதுக்கு முன்னாலே இருக்கு. வெண்டையும் அவரையும் நேராவே ஊனலாம். ஐப்பசி மழையிலே கீரை விதை அடிச்சுக்கிட்டுப் போகும், கொஞ்சம் பொறுங்க. கார்த்திகை, மார்கழியிலே தக்காளி, கொத்தமல்லி, வெந்தயக் கீரை, முள்ளங்கி எல்லாம் சொன்ன பேச்சுக் கேக்கும். பங்குனி பொறந்துட்டா தக்காளிக்கு விடை குடுத்துடுங்க. பகல்லே 35 டிகிரிக்கு மேலே போயி ராத்திரியும் குளிராம இருந்தா தக்காளிப் பூவிலே மகரந்தம் கெட்டு, பிஞ்சு பிடிக்காமலே பூ கொட்டும். நீங்க எத்தனை குடம் ஊத்தினாலும் கொட்டும். அது தண்ணிக் குறை இல்லீங்க, பட்டக் குறை. கொத்தமல்லியும் அப்படித்தான், சூடு கண்டா இலையை விட்டுட்டுப் பூவுக்குப் போயிடும். அதை மறுபடி விதைச்சு விதைச்சு ஏமாற வேண்டாம்.

கோடைக்குன்னு கொஞ்சம் பேர் இருக்காங்க. கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை, கருவேப்பிலை, பிரண்டை, கற்பூரவல்லி, துளசி. புதினாவுக்குச் சமையலறை ஜன்னல் நெழல். கீரைக்கு அரை அடி ஆழம் போதும். கத்தரி மிளகாய்க்கு ஒரு அடிக்குக் குறையக் கூடாது. கருவேப்பிலைக்கும் முருங்கைக்கும் பழைய டிரம்மை அறுத்து வைங்க. மத்தத் தொட்டி சித்திரையிலே காலியா இருக்கட்டுமே! மேட்டாங்காட்டை உழுது போட்டுட்டு மழைக்குக் காத்திருந்த பரம்பரைதானே நாம? சோகையைப் போட்டு மூடி வச்சா, மண்ணு ஆடிக்குத் தயாரா இருக்கும்.

துபாயிலே இருக்கற நம்ம ஆளுங்க பால்கனியிலே அப்படித்தான் பண்றாங்க. அங்கே கோடை நம்ம கோடைக்கு அண்ணன். செப்டம்பர், அக்டோபர்லே விதைச்சு ஏப்ரலோட மூட்டை கட்டிடுவாங்க. டொராண்டோவிலே இருக்கற தமிழ்க் குடும்பங்களுக்கு நேர்மாறான தொல்லை. மே நடுவிலேதான் உறைபனி விடும், அக்டோபர்லே திரும்ப வந்துடும். குளிர் வந்ததும் கருவேப்பிலைத் தொட்டியைக் குழந்தை மாதிரி வீட்டுக்குள்ளே தூக்கிட்டு வந்து ஜன்னலோரம் வைப்பாங்க. அங்கே குளிர், இங்கே வெயில். மோசமான மாசத்தைத் தெரிஞ்சுக்கிட்டவங்க வீட்டிலே செடி நிக்குது.

அரசாங்கமும் இதைக் கொஞ்சம் கண்டுபிடிச்சிருக்கு. 2013-14லே சென்னையிலேயும் கோவையிலேயும் ‘நீங்களே செய்து பாருங்கள்’னு மாடித் தோட்டத் தொகுப்பு குடுக்க ஆரம்பிச்சாங்க. 2021 டிசம்பர்லே குடுத்த தொகுப்பிலே ஆறு பை, ஆறு நார்க்கழிவுக் கட்டி, ஆறு வகைக் காய்கறி விதை. 900 ரூபாய்ப் பொருள், மானியம் போக 225 ரூபாய். நான் அந்தத் தொகையைச் சொல்ல வரலே. ஆறுங்கற எண்ணிக்கையைச் சொல்ல வந்தேன். நாப்பதுலே ஆரம்பிச்சவங்க நாலுலே முடிப்பாங்க. ஆறுலே ஆரம்பிச்சவங்க பத்துக்குப் போவாங்க.

அய்யாவோட கணக்குப் பிழையைச் சொல்றேன்னேன். அவரு கிலோவிலே பாத்தாரு. ஒரு கிலோ கத்தரிக்காய்க்குச் சந்தையோட போட்டி போட்டா நாங்க தோத்துடுவோம், ஒத்துக்கறேன். ஆனா தொட்டித் தோட்டத்தோட வரவு கைப்பிடி வரவுங்க. தாளிக்கிறப்போ ஒரு இணுக்குக் கருவேப்பிலை. ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளை இருமினா கசாயத்துக்கு நாலு கற்பூரவல்லி இலை. துவையலுக்கு ஒரு முழம் பிரண்டை. ரசத்துக்கு ரெண்டு கொத்து மல்லி. இதுக்கெல்லாம் உழவர் சந்தையிலே அளவு உண்டா, அந்த நேரத்துக்குக் கதவு திறந்திருக்குமா? (கைதட்டல்)

கடைசியா ஒண்ணு. எங்க தெருவிலே ஒரு ஆத்தா இருக்காங்க. காட்டை வித்துட்டு மகன் வீட்டு மாடிக்கு வந்தவங்க. காட்டுக்காரியா இருந்தவங்களுக்கு மாடியிலே என்ன வேலை? டி.வி. இருக்கு, கட்டில் இருக்கு. “சும்மா இருங்க ஆத்தா”ன்னு மகன் சொல்லுவாரு. அன்பாத்தான் சொல்றாரு. ஆனா எழுபது வயசு வரைக்கும் வெள்ளாமை பாத்தவங்களுக்கு அந்தச் ‘சும்மா இருங்க’ன்னா என்ன அர்த்தம்? அவங்க இருபது தொட்டி வச்சாங்க. 2016லே வடகிழக்குப் பருவமழை பொய்ச்சுது. 2017 ஜனவரியிலே தமிழ்நாட்டிலே எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமா அறிவிச்சாங்களே, ஞாபகம் இருக்கா? வீட்டிலே தண்ணிப் பேச்சு ஆரம்பிச்சுது. மருமக எப்படிச் சொல்றதுன்னு தயங்கிக்கிட்டே மாடிக்குப் போயிருக்கு. போனா, பதினஞ்சு தொட்டி வரிசையாக் கவுந்து கிடக்குது. அஞ்சுதான் நிமிந்து நிக்குது. கருவேப்பிலை, துளசி, பிரண்டை, கற்பூரவல்லி, ஒரு பச்சை மிளகாய். ஆத்தா சொன்னாங்களாம்: “மழை இல்லேன்னா வெள்ளாமையைக் குறைக்கத் தெரியாதா கண்ணு எனக்கு? அரிசி களையற தண்ணியை மட்டும் கீழே கொட்டாம வையி, அது போதும்.”

நடுவர் அவர்களே, அந்த மருமக அன்னியிலே இருந்து அரிசி களைஞ்ச தண்ணியைத் தானே மாடிக்கு எடுத்துக்கிட்டுப் போகுது. அதுக்கு முன்னாடி அது மாடிப்பக்கமே போனதில்லே. அந்த வருசம் ஆடி வந்தப்போ எத்தனை தொட்டியை நிமித்தலாம்னு மாமியாரும் மருமகளும் சேந்து உக்காந்து பேசினாங்க. ஏழு போதும்னு முடிவு பண்ணினாங்க. இது உபத்திரவமா, உதவியா? நீங்க சொல்லுங்க. (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க. உதவியேன்னு தீர்ப்புக் குடுங்கன்னு கேட்டு, விடைபெறுகிறேன்.